அக்காவின் சைக்கிளும் நான்குவழிச் சாலையும்

எங்கள் வீட்டில் இதுவரை இருந்த வண்டிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். தாத்தாவுக்கு மாட்டுவண்டி. அப்பாவுக்கு முதலில் சைக்கிள், பிறகு டி.வி.எஸ். 50, அதன் பிறகு மோட்டார் சைக்கிள். அண்ணனுக்குக் கல்லூரிக் காலத்திலேயே ஒரு பழைய மோட்டார் சைக்கிள். பக்கத்தில் இன்னொரு வரிசை போட்டேன். பாட்டி மாட்டுவண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அம்மா அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தார், பிறகு டி.வி.எஸ். 50-இன் பின்சீட்டில். யாரும் ஏற்றிக்கொள்ளாத நாட்களில் இருவரும் நடந்தார்கள். அம்மா கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு வரை நடந்து, அங்கே பஸ் பிடித்துத் திண்டிவனம் போய் விற்றுவிட்டு வருவார். குடும்பத்துக்குக் கையில் காசு கொண்டுவந்த பயணங்களில் பாதி அம்மாவுடையவை. ஆனால் அவருக்கென்று ஒரு சக்கரம்கூட அந்த வீட்டில் கிடையாது.

இரண்டாவது வரிசையில் முதல்முதலாக ஒரு வண்டி வந்தது 2005-இல். அது அக்காவின் சைக்கிள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவளுக்கு இன்னொரு வண்டி வந்தது. அது பேட்டரி வைத்த மின்சைக்கிள். இந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் புதுக்கோட்டைக்குப் போய்வர வேண்டும்.

* * *

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அங்குள்ள மகாராஜா கல்லூரியில் படிக்க விரும்பியபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். கல்லூரியில் மாணவர்களின் கண்ணில் படாதபடி அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒரு பெண் படிக்கலாம், ஆனால் அவள் வந்துபோவது யார் கண்ணிலும் படக்கூடாது என்பதே அன்றைய ஏற்பாடு. கல்விக்குக் கொடுத்த அனுமதி நடமாட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

அதே புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவுக்கான இயக்கம் அது. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டிய பெண் தொண்டர்கள் எப்படிப் போவார்கள், இரவு வகுப்பு முடிந்து எப்படித் திரும்புவார்கள் என்ற கேள்வி உடனே வந்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் இயக்கத்தின் வேலைத்திட்டத்தில் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. 1992 மார்ச் 8 அன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலமாக வந்தார்கள். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பூக்கட்டுபவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், ஏனென்றால் நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். வண்டியை வடிவமைத்தவருக்குத் தோன்றாத ஒரு பயன்பாடு ஓட்டுகிறவளுக்குத் தோன்றுகிறது. பெண் தனியாக வண்டி ஏறுவதில்லை. குழந்தை, தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, மாமியாரின் மருந்துச்சீட்டு எல்லாம் அவளுடன் ஏறுகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்கள் ஓட்டிய சாலைகளில் கார் மிகக் குறைவு. மாட்டுவண்டி, சைக்கிள், எப்போதாவது ஒரு பஸ், லாரி. சாலை ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருந்தது. கேலி செய்தவர்கள் இருந்தார்கள், வீட்டில் அடித்தவர்கள்கூட இருந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சாலை அவர்களை வெளியே தள்ளவில்லை.

* * *

புதுக்கோட்டையின் சைக்கிள் எங்கள் ஊருக்கு வேறொரு வழியில் வந்தது. தமிழக அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது விரிவானது. பின்னர் 2006-இல் பீகார் அரசு மாணவிகளுக்காக இதேபோன்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கார்த்திக் முரளீதரனும் நிஷித் பிரகாஷும் பீகார் திட்டத்தை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32% கூடியிருந்தது, ஆண்-பெண் இடைவெளி 40% குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் மாற்றம் அதிகம். பெண்ணுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர்களில் உண்மையில் இல்லாமல் இருந்தது போகும் வழிதான்.

அக்கா பிளஸ் ஒன் படிக்கும்போது சைக்கிள் கிடைத்தது. முதல் வாரம் அதை யாரையும் தொடவிடவில்லை. ஏரிக்கரையில் எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். "கீழ பாக்காதடி, தூரமா பாரு" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவருவாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அம்மா, யாரும் இல்லாத நேரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார். ஏறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா, எவ்ளோ கனமா இருக்குதுன்னு பாத்தேன்" என்றார்.

2007-இல் அக்கா திண்டிவனத்தில் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வரை சைக்கிள், அங்கே ஒரு டீக்கடையில் அதை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றால் திண்டிவனம் பஸ். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். அந்தச் சாலையை நான்குவழியாக அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. மரங்கள் போயின, மண் மேடானது. பிறகு ஒருநாள் நடுவில் தடுப்பு வந்தது.

தடுப்பு வந்த பிறகு எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால், இடைவெளி விட்டிருந்த இடம் வரை நடந்து, அங்கே கடந்து, மறுபக்கம் திரும்பி நடந்து வரவேண்டும். பஸ்ஸோ பழைய இடத்தில்தான் நின்றது. காலை அவசரத்தில் எல்லோரும் தடுப்பின் மேல் ஏறிக் குதித்தார்கள். ஆண்கள் குதித்தார்கள், பள்ளிப் பையன்கள் குதித்தார்கள். அக்காவும் குதித்தாள். சுடிதாரைப் பிடித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைத் தினமும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவுக்குத் தூரத்துப் பங்காளி. "உம் பொண்ணு செவுரு ஏறிக் குதிக்குது" என்று அவர் வந்து சொன்ன விதத்தில், அது சாலையைப் பற்றிய தகவலாக இல்லை. அந்த ஆண்டே எங்கள் ஊர்க் கிழவி ஒருவர் அதே இடத்தில் கார் மோதி இறந்துபோனார். அப்பாவுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே சாலையைத்தான் அண்ணனும் கடக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். அக்காவைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார்கள்.

"அவளயும் ஏத்திக்கினு போடா" என்று அம்மா கேட்டுப் பார்த்தார். ஒரு மாதம் அண்ணன் ஏற்றிக்கொண்டும் போனான். இரண்டு பேருக்கும் நேரம் ஒத்துவரவில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் அக்காவின் படிப்பு நின்றது. அவளுடைய சைக்கிளில் அப்பா பால் கேன் கட்டி ஓட்ட ஆரம்பித்தார். எனக்கு அந்தச் சாலையைக் கடக்கும் சிக்கலே வேண்டாமென்று, இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியூர் விடுதியில் சேர்த்தார்கள். நான் படித்து இன்று கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். அக்கா நின்றதால் கிடைத்த இடம் அது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இலவச சைக்கிள் கொடுத்த அதே பத்தாண்டில்தான் அந்தச் சாலை அகலமானது. இரண்டும் மக்கள் பணத்தில் நடந்தவை. ஒரு பெண்ணுக்கு ஒரு கையால் வண்டியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் அவள் போகும் வழியை எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அவளைப் பற்றிய நினைப்பு சாலை போட்டவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 வீடுகளில் ஏறக்குறைய 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது, 21 வீடுகளில் மோட்டார் இருசக்கர வண்டி, 5 வீடுகளில்கூடக் கார் இல்லை. அந்த ஐந்துக்கும் குறைவான வீடுகளின் வேகத்துக்காகத்தான் சாலைகள் நீண்டன.

* * *

பெண்களுக்கு வண்டி கொடுத்த, பயணம் கொடுத்த முயற்சிகள் அதன் பிறகும் தொடர்ந்தன. 1990-களில் வந்த ஸ்கூட்டி போன்ற கியர் இல்லாத வண்டிகள் சிறுநகரத்து ஆசிரியைகளையும் நர்ஸுகளையும் முதன்முதலாக மோட்டார் வண்டியில் ஏற்றின. 2018 பிப்ரவரி 24 அன்று வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கப்பட்டது. விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஓட்டுநர் உரிமம் வேண்டும். 2021-இல் ஆட்சி மாறியபின் அது தொடரவில்லை. அதற்குப் பதில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது.

விழுப்புரம் பஸ்ஸால் வளர்ந்த ஊர். ரயில் சந்திப்பு என்ற பழைய பெருமையோடு, 1975-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் இங்கேதான் தலைமையிடம் கொண்டது. 1993-இல் மாவட்டத் தலைநகரானது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று சுற்று வட்டாரப் பெண்கள் இங்கே வந்துபோகக் காரணங்கள் பெருகின. கட்டணமில்லாப் பேருந்து அவர்களுக்குப் பெரிய விடுதலை. கணவனிடம் பஸ் காசு கேட்க வேண்டாம் என்பதன் அர்த்தம், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்பதும்தான். ஆனால் பஸ் பெரிய சாலையில் ஓடும். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு, ரேஷன் கடை, பால்வாடி, டியூஷன் எல்லாம் அரை கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் தூரங்களில் இருக்கின்றன. பெண்களின் நாள் இந்தச் சிறிய தூரங்களால் ஆனது.

அக்கா கல்யாணமாகி வந்தது விழுப்புரத்துக்கு. கீழ்ப்பெரும்பாக்கம் பக்கம் ஒரு குறுகிய தெரு. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அவளுடைய ஒருநாள் ஓட்டத்தை ஒருமுறை அவளையே கேட்டு எழுதினேன். காலை பால், பையனைப் பள்ளியில் விடுவது, மாமியாருக்குச் சுகர் மாத்திரை வாங்கும் நாளென்றால் ஆஸ்பத்திரி, கடை, மதியம் ஓடிவந்து மாமியாருக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி கடை, பையனைக் கூட்டி வருவது, மார்க்கெட், குழுக் கூட்டம் இருந்தால் அது. ஏழெட்டு இடங்கள், மொத்தம் பதினோரு கிலோமீட்டர். மாமாவின் நாளில் இரண்டே பயணங்கள். போனார், வந்தார்.

ஸ்பெயின் நாட்டு நகரத் திட்ட ஆய்வாளர் இனெஸ் சான்செஸ் தெ மதாரியாகா இப்படிப்பட்ட ஓட்டங்களுக்குப் 'பராமரிப்புப் பயணம்' என்று பெயர் கொடுத்தார். வேலைக்குப் போவது என்ற தலைப்பில் மட்டும் பயணங்களைக் கணக்கெடுத்தால், வீட்டையும் முதியவர்களையும் குழந்தைகளையும் தாங்கும் பயணங்கள் 'ஷாப்பிங்', 'பிற' என்று சிதறிப்போய்க் கண்ணில் படாமல் போகின்றன என்பது அவர் வாதம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 2011-இல் வேலைக்குப் போகும் பயணத்தைத்தான் கேட்டது. மாமாவின் பயணம் முழுதாகக் கணக்கில் வரும். அக்காவின் நாளில் ஒரு துண்டு மட்டும் வரும்.

* * *

2023-இல் அக்கா மகளிர் குழுக் கடனில் மின்சைக்கிள் வாங்கினாள். மிதிக்கவும் செய்யலாம், கால் வலித்தால் மோட்டாரில் விடலாம். 250 வாட்டுக்குள் மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் இருந்தால் இந்தியச் சட்டப்படி அது மோட்டார் வாகனமே ஆகாது. உரிமம், பதிவு எதுவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோய் மிக்சி பிளக்கில் சொருகுவாள். ஒருமுறை நிரப்ப அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. வாடகைக்கு இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இந்த வசதி இல்லை. "கரண்ட் பில்லு ஏறும்" என்று வீட்டு ஓனரம்மா வண்டிக்குச் சார்ஜ் போட விடவில்லை. யாருக்கு வண்டி என்ற கேள்விக்குள் யாருக்குப் பிளக் பாயின்ட் என்ற கேள்வியும் இருக்கிறது.

லைசென்ஸ் வேண்டாத மெதுவான மின்வண்டிகளைக் கடைகளில் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சாரக் கார்கள் பெண்களுக்கானவை என்று விளம்பரப்படுத்தப்பட்டன. சத்தமில்லை, புகையில்லை, கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோல் கார்களை உலகமெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914-ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான் ஓட்டினார். தூரமும் வேகமும் குறைந்த வண்டி பெண்ணுக்குப் போதும், அவள் எங்கே அவ்வளவு தூரம் போகப்போகிறாள் என்ற எண்ணம் அந்த விளம்பரங்களுக்குள் இருந்தது. வேகமும் தூரமும் ஆணுக்கானவை, சாலைகளும் அவற்றுக்கேற்ப வந்தன.

இங்கே அதன் விளைவை எண்ணில் பார்க்கலாம். 2018-இல் வந்த அறிவிப்பு நான்குவழிச் சாலையில் கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை போக அனுமதித்தது. அக்காவின் வண்டி 25-க்கு மேல் போகாது. விழுப்புரம் புறவழிச்சாலையைத் தாண்ட வேண்டிய இடத்தில் இந்த இரண்டு வேகங்களும் சந்திக்கின்றன. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களில் 44.5% இருசக்கர வண்டிகளில் போனவர்கள், 19.5% நடந்து போனவர்கள்.

மின்சைக்கிளைப் பற்றி வரும் ஆய்வுகளும் செய்திகளும் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. இது எத்தனை காரைச் சாலையிலிருந்து குறைக்கும்? எவ்வளவு புகை குறையும்? ஐரோப்பிய நகரங்களுக்கு அது சரியான கேள்வியாக இருக்கலாம். அக்காவிடம் குறைக்க ஒரு காரும் இருந்ததில்லை. அவளுடைய மின்சைக்கிள் குறைத்தது நடையை, காத்திருப்பை, "கொஞ்சம் விட்டுட்டு வாங்களேன்" என்று கேட்பதை. மதியம் மாமியாருக்குச் சோறு போட ஓடிவரும் அரைமணி நேரத்தில் அவளும் உட்கார்ந்து சாப்பிடப் பத்து நிமிடம் கிடைத்தது. கார்களை வைத்து மட்டும் அளந்தால் இந்தப் பத்து நிமிடத்துக்கு எந்த ஆய்வறிக்கையிலும் இடம் கிடைக்காது. பெண்ணின் வண்டியை எதற்குப் பதிலாக வந்தது என்று அளப்பதற்கு முன்னால், அவளிடம் முதலில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும்.

* * *

2024-இல் அக்கா வீட்டுக்குக் கார் வந்தது. மாமா தவணையில் வாங்கிய பழைய கார். அவர் கெட்டவர் இல்லை. மழையில் குடும்பம் நனையக் கூடாது, மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குக் கௌரவமாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் வாசலில் சன்ஷேடுக்குக் கீழே பத்தடி இடம்தான் இருந்தது. கார் அங்கே வந்து நின்றது. மின்சைக்கிள் பக்கத்துச் சந்துக்குப் போனது, முதல் மழையிலேயே அதன் ஒயர் கெட்டது. சரிசெய்யும் பணத்துக்கு, தவணை கட்டிய பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. மாதத்தில் நான்கு முறை அந்தக் கார் வெளியே போயிருந்தால் அதிகம்.

"வூட்டுக்கு காரே வந்துடுச்சி, இன்னும் இன்னா சைக்கிளு" என்றார் மாமியார். காருள்ள வீட்டு மருமகள் சைக்கிள் மிதிப்பது குடும்பத்துக்கு அழகில்லை என்று அவருக்குத் தோன்றியது. அக்கா சண்டை போடவில்லை. "கொத்தமல்லி வாங்கறதுக்கு என்ன கார்ல யாரு அத்தை இட்டுக்கினு போவாங்க?" என்று மட்டும் கேட்டாள். குழுச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து வண்டியைச் சரிசெய்தாள். சந்தில் தகரம் போட்டாள்.

இப்போது அவள் மகள் பிளஸ் ஒன். அவளுக்கும் பள்ளியில் சைக்கிள் கிடைத்திருக்கிறது, அம்மாவுக்குக் கிடைத்து இருபது ஆண்டுகள் கழித்து. அவள் சேர விரும்பும் மாலை வகுப்பு புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம். "கார்ல விட்டுட்டு வரேன், நேரம் இருந்தா" என்கிறார் மாமா. நேரம் இருந்தால் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாகத் தடுப்பைப் பற்றிப் பேசினோம்.

"நான் ஒண்ணும் படிப்பு ஏறாம நிக்கல" என்றாள் அக்கா. "தெரியும்க்கா" என்றேன். "தெரியும். ஆனா எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்க."

* * *

சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தைப் பற்றி மாணவிகளிடம் சொல்லும்போது, அது பணக்கார நாடு, அங்கே எல்லாம் நடக்கும் என்பார்கள். 1950, 60-களில் அங்கேயும் கார்களுக்காகத் தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன, சைக்கிள் ஓட்டுவது குறைந்துகொண்டே போனது. 1971-இல் மட்டும் சாலையில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அடுத்த ஆண்டு 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் மார்ட்யே ஃபான் புட்டன் என்ற இளம்பெண். தாய்மார்களும் தந்தைமார்களும் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள், காருக்கு வழி விடாமல் பிள்ளைகளை நடுத்தெருவில் விளையாட விட்டார்கள். இன்று நாம் படங்களில் பார்க்கும் தனிச் சைக்கிள் பாதைகள் அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு வந்தவை. அதே காலத்தில் பெட்ரோல் விலை ஏறியதும் உதவியது. ஆனால் கேட்டவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

தமிழ்நாட்டில் பெண்களின் நடமாட்ட வரலாற்றை நாம் இதுவரை வண்டி கொடுத்தவர்களின் வரலாறாகவே எழுதியிருக்கிறோம். எந்த ஆட்சி சைக்கிள் கொடுத்தது, எந்த ஆட்சி ஸ்கூட்டர் கொடுத்தது, எந்த ஆட்சி பஸ்ஸில் காசு வாங்கவில்லை. இவை எல்லாமே தேவையானவை, எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாலை யாருடைய அளவில் போடப்பட்டது என்ற பக்கத்தை நாம் எழுதவில்லை. தடுப்பேறிக் குதித்த பெண்ணை ஊர் பார்த்தது. அந்தத் தடுப்பு ஏன் அங்கே இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வண்டியைப் பரிசாகக் கொடுத்துவிட முடியும். வழியை அப்படிக் கொடுக்க முடியாது. அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், காருக்கு விட்ட இடத்தில் கொஞ்சம் திரும்ப எடுக்க வேண்டும்.

சென்ற வாரம் அக்காவின் குழுப் பெண்கள் ஒரு மனு எழுதினார்கள், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பதற்காக. மகள் எழுதினாள், மற்றவர்கள் சொன்னார்கள். புறவழிச்சாலையைக் கடக்குமிடத்தில் கார்கள் வேகம் குறைக்க ஏற்பாடு. அணுகுசாலையில் தெருவிளக்கு. ரயில் நிலைய ஸ்டாண்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் மின்சைக்கிளுக்கு நான்கு பிளக் பாயின்ட். வாடகை வீட்டுப் பெண்தான் அந்த மூன்றாவதைச் சொன்னாள்.

மனுவின் முதல் வரியை மகள் 'பெண்களின் பாதுகாப்பு கருதி' என்று தொடங்கியிருந்தாள். அக்கா அதைப் படித்துவிட்டு அடிக்கச் சொன்னாள். "பாதுகாப்புன்னு எழுதினா வூட்டுலயே இருங்கன்னு சொல்லிடுவாங்க. தினமும் இந்த ரோட்டுல போறவங்கன்னு எழுது." மகள் வேறொரு தாள் எடுத்தாள். தினமும் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள் என்று குழுவில் இருந்த பதினாறு பேரிடமும் கேட்டு, வரிசையாக எழுத ஆரம்பித்தாள்.